நிக்கல் மைன்ஸ்: சபையே சேர்ந்து சுமந்த மன்னிப்பு

2006 அக்டோபர் 2, திங்கட்கிழமை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லாங்காஸ்டர் கவுன்டி. அங்கே நிக்கல் மைன்ஸ் என்ற சிற்றூரில் ஆமிஷ் என்ற பழமைவழிக் கிறிஸ்தவப் பிரிவு மக்கள் நடத்திவந்த ஓரறைப் பள்ளிக்குள், காலை பத்து மணி தாண்டிய நேரத்தில் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். பண்ணை பண்ணையாகப் போய்ப் பால் ஏற்றும் லாரியின் ஓட்டுநர். வயது 32. மனைவியும் மூன்று குழந்தைகளும் இருந்தார்கள். அவன் ஆமிஷ் அல்ல. ஆனால் அந்தப் பள்ளிப் பிள்ளைகள் சிலரின் வீட்டுப் பண்ணையிலிருந்து பால் எடுத்துப் போனவன், ஊருக்குத் தெரிந்த முகம்.

பையன்களையும், கைக்குழந்தைகளோடு வந்திருந்த பெண்களையும், கர்ப்பிணி ஒருவரையும் வெளியே போகச் சொன்னான். பத்துச் சிறுமிகளைப் பிடித்துவைத்துக்கொண்டான். இருபது வயது ஆசிரியை அதற்குள் தன் தாயோடு வெளியே ஓடிப் பக்கத்துப் பண்ணையை அடைந்துவிட்டார். அங்கிருந்து போலீசுக்குத் தகவல் போனது. சில நிமிடங்களில் போலீஸ் வந்து பள்ளியைச் சூழ்ந்தது. பதினொரு மணிக்குச் சற்றுப் பிறகு அவன் சுட்டான். ஐந்து சிறுமிகள் இறந்தார்கள். மிகச் சிறியவளுக்கு 7 வயது, மூத்தவளுக்கு 13. இறந்தவர்களில் இருவர் உடன்பிறந்த சகோதரிகள். மேலும் ஐந்து பேருக்குப் படுகாயம். கடைசியில் தன்னையும் சுட்டுக்கொண்டான். மூத்த சிறுமி, மற்றவர்களை விட்டுவிடும்படி, "முதலில் என்னைச் சுடுங்கள்" என்று கேட்டதாக உயிர் பிழைத்த அவள் தங்கை பிறகு சொன்னாள்.

துப்பாக்கிச் சட்டம், கொலையாளியின் மனநிலை, போலீஸ் நடவடிக்கை எல்லாம் வேறு இடங்களில் நிறையப் பேசப்பட்டுவிட்டன. இந்த ஆய்வு அன்று மாலையில் தொடங்குகிறது. உலகம் முழுக்கச் செய்தியானது அந்த மாலைதான். கிறிஸ்தவச் சபைகளில் அன்பு, மன்னிப்பு என்று ஞாயிறுதோறும் பேசுகிற நாம் இந்த நிகழ்வை நிதானமாகப் பார்க்க வேண்டும். "எவ்வளவு பெரிய மனசு" என்று வியந்துவிட்டு நகர்ந்தால், அங்கே உண்மையில் என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

அன்று மாலை யார் யார் எங்கே போனார்கள்

காயப்பட்ட சிறுமிகள் ஹெலிகாப்டர்களில் வெவ்வேறு மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தார்கள். எந்தப் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்பதே சில பெற்றோருக்குத் தெரியவில்லை. அந்த நிலையில், ஊரின் ஆமிஷ் ஆண்கள் சிலர் கொலையாளியின் மனைவியைத் தேடிப் போனார்கள். அவர் பிள்ளைகளோடு தன் பெற்றோர் வீட்டில் இருந்தார். "உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம், உங்கள்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை" என்பதுதான் அவர்கள் சொன்னதன் சாரம். சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

வேறொரு ஆமிஷ் அண்டைவீட்டுக்காரர் கொலையாளியின் தந்தையிடம் போனார். அந்தத் தந்தை ஓய்வுபெற்ற போலீஸ்காரர். இனி யார் முகத்தில் எப்படி விழிப்பது என்று நொறுங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். வந்தவர் அவரை அணைத்துக்கொண்டு நெடுநேரம் பக்கத்திலேயே இருந்தார். அவர்களுக்குள் அதிகப் பேச்சு இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அன்று மாலை மன்னிப்பைக் கொண்டுபோனவர்கள் இறந்த பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் அல்ல. அவர்கள் மருத்துவமனைகளிலும், உடல்கள் வருவதற்காகக் காத்திருந்த வீடுகளிலும் இருந்தார்கள். போனவர்கள் உறவினர்களும் ஊர்க்காரர்களும். மகளைப் பறிகொடுத்த தாயிடம் போய், "இப்போதே மன்னித்துவிட்டதாகச் சொல்லுங்கள்" என்று யாரும் நிற்கவில்லை. அவள் சார்பில் அவளுடைய சபை நடந்து போனது. நான் படித்த வரையில் இந்த நிகழ்வைப் பற்றி எழுதுபவர்களில் பலர் இதைக் கடந்து போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் முழு விஷயத்துக்கும் திறவுகோலாகப் படுகிறது.

அடக்க ஆராதனைகள் வியாழனும் வெள்ளியும் நடந்தன. வியாழனன்று நான்கு சிறுமிகள், வெள்ளியன்று ஒருத்தி. குதிரை வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கல்லறைக்குப் போன சாலை கொலையாளியின் வீட்டைக் கடந்துதான் சென்றது. சனிக்கிழமை, அக்டோபர் 7 அன்று, ஜார்ஜ்டவுனில் இருந்த மெதடிஸ்ட் சபையின் கல்லறைத் தோட்டத்தில் கொலையாளி அடக்கம் செய்யப்பட்டான். பல ஆண்டுகளுக்கு முன் பிறந்த சில நிமிடங்களிலேயே இறந்துபோன அவனுடைய முதல் குழந்தையின் பக்கத்தில். அங்கே வந்தவர்கள் ஏறத்தாழ 75 பேர். அதில் பாதிப்பேர் ஆமிஷ். முந்தின நாட்களில் தங்கள் மகள்களைப் புதைத்த பெற்றோரும் அவர்களில் இருந்தார்கள். தூரத்தில் கேமராக்கள் காத்திருந்தன. கறுப்பு உடையில் வந்திருந்த ஆமிஷ் மக்கள் அந்தக் குடும்பத்துக்கும் கேமராக்களுக்கும் நடுவே வரிசையாக நின்று மறைத்துக்கொண்டார்கள். மன்னித்தோம் என்பதை இவர்கள் வாயால் சொன்னதைவிட உடம்பால் செய்ததுதான் அதிகம்.

அடுத்த வாரம், அக்டோபர் 12 விடியும் முன்னே, பள்ளிக் கட்டடம் இடிக்கப்பட்டு இடம் புல்வெளியாக விடப்பட்டது. சற்றுத் தள்ளிக் கட்டிய புதிய பள்ளி 2007 ஏப்ரல் 2-ல் திறந்தது. அதற்கு வைத்த பெயர் நியூ ஹோப், அதாவது புதிய நம்பிக்கை. உலகம் முழுவதிலிருந்தும் வந்த நன்கொடையைக் கையாள ஊரில் ஒரு குழு அமைந்தது. வந்த தொகை 40 லட்சம் டாலரைத் தாண்டியது. பெரும்பகுதி காயப்பட்ட பிள்ளைகளின் மருத்துவத்துக்கு. ஒரு பங்கு கொலையாளியின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போனது. குடும்பத்தின் வருமானம் நின்றுபோயிருந்தது, அவ்வளவுதான் காரணம். அந்தப் பெண் சில நாட்களிலேயே ஊராருக்குத் திறந்த மடல் ஒன்று எழுதி, அவர்கள் காட்டிய இரக்கத்துக்கு நன்றி சொன்னார்.

ஒரே நாளில் முளைத்தது இல்லை

சுடப்பட்ட சில மணி நேரத்துக்குள் மன்னிப்பு எப்படி வந்தது? பலரும் கேட்ட கேள்வி இது. சிலர் நம்பவே இல்லை. அதிர்ச்சியில் சொல்லியிருப்பார்கள், பெரியவர்கள் கட்டாயப்படுத்தியிருப்பார்கள் என்றார்கள். ஆமிஷ் சபை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் இந்த வேகம் அவ்வளவு புதிராக இருக்காது.

இவர்கள் 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் எழுந்த அனபாப்டிஸ்ட் இயக்கத்தின் வழிவந்தவர்கள். 1525-ல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில், குழந்தைப் பருவத்தில் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது, அறிந்து விசுவாசித்துப் பெறுவதே ஞானஸ்நானம் என்று சிலர் புறப்பட்டார்கள். அதற்காகக் கத்தோலிக்க ஆட்சிகளும் புராட்டஸ்டன்ட் ஆட்சிகளும் அவர்களை எரித்தன, ஆற்றில் அமிழ்த்தின. 1693-இல் யாக்கோப் அம்மான் என்பவர் தலைமையில் ஒரு பிரிவு தனியே போனது. அதுதான் ஆமிஷ். அந்த இரத்தசாட்சிகளின் கதைகள் இன்றும் ஆமிஷ் வீடுகளில் சொல்லப்படுகின்றன. அதில் டிர்க் வில்லெம்ஸ் என்ற டச்சுக்காரரின் கதையைக் கேட்காமல் வளர்ந்த ஆமிஷ் பிள்ளை இருப்பது அரிது. 1569-ல் சிறையிலிருந்து தப்பி, பனி உறைந்த நீர்நிலைமேல் ஓடியவர். துரத்தி வந்த காவலன் பனி உடைந்து உள்ளே விழுந்தான். டிர்க் திரும்பி வந்து அவனைக் கைகொடுத்துத் தூக்கினார். பிடிபட்டார், எரிக்கப்பட்டார். சின்ன வயதிலேயே இந்தக் கதை மனதில் பதிந்துவிட்டால், பகைவன் தண்ணீரில் விழுந்தால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்கும்.

கதையைவிடப் பழக்கம் வலுவானது. பரமண்டல ஜெபம் ஆமிஷ் வீட்டில் ஒரு நாளில் பலமுறை சொல்லப்படுகிறது. அந்த ஜெபம் முடிந்த கையோடு மத்தேயு 6-ல் இயேசு தனியாக எடுத்துச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "மனுஷருடைய தப்பிதங்களை நீங்கள் அவர்களுக்கு மன்னியாதிருந்தால், உங்கள் பிதா உங்கள் தப்பிதங்களையும் மன்னியாதிருப்பார்." நாமும் அதே ஜெபத்தைத்தான் சொல்கிறோம். அவர்கள் அந்த நிபந்தனையை அப்படியே எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்கிறார்கள். பேட்டி கேட்டு வந்தவர்களிடம் பல ஆமிஷ் பெரியவர்கள் இந்த வசனத்தையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். "இதில் என்ன வியப்பு, இது சாதாரணக் கிறிஸ்தவ மன்னிப்புதானே" என்று அவர்களுக்கே ஆச்சரியம்.

இன்னொன்று, எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகத் தோன்றுவது, இராப்போஜனத்துக்கு, அதாவது திருவிருந்துக்கு முன் அவர்கள் செய்யும் ஆயத்தம். ஆமிஷ் மக்களுக்கு ஆலயக் கட்டடம் கிடையாது. இருபது முதல் நாற்பது குடும்பங்கள் சேர்ந்தது ஒரு சபை. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டில் ஆராதனை. இராப்போஜனம் வருடத்துக்கு இரண்டே முறை, வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும். அதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு நாள் முழுக்கச் சபை கூடும். ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்கப்படும்: தேவனோடும் சபையோடும் சக விசுவாசிகளோடும் சமாதானமாக இருக்கிறீர்களா? பந்தியில் சேர ஆயத்தமா? வேலித் தகராறோ, கடன் பாக்கியோ, புறணி பேசிய மனவருத்தமோ எது இருந்தாலும் அந்த இடைப்பட்ட நாட்களில் போய்ப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும். தீராத பிணக்கு பெரிதாக இருந்தால் இராப்போஜனமே தள்ளிப்போகும். இருவர் சண்டைக்காக முழுச் சபையும் பந்தி இல்லாமல் காத்திருக்கும்.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். உங்களுக்கும் பக்கத்துப் பண்ணைக்காரருக்கும் உள்ள மனஸ்தாபம் உங்கள் இருவர் விவகாரமாக இருக்க முடியாது. எல்லோரும் உங்களைப் பார்ப்பார்கள். யாராவது ஒரு பெரியவர் இரண்டு வீட்டுக்கும் நடப்பார். வருடத்துக்கு இரண்டு முறை, ஆயுள் முழுக்க, இந்தப் பயிற்சி நடக்கிறது. பந்தி நாளில் இருவர் இருவராக ஒருவர் காலை ஒருவர் கழுவி முத்தமிட்டுக்கொள்வார்கள். நேற்றுவரை முகம் கொடுக்காதவன் காலைக் குனிந்து கழுவ நேரலாம். நிக்கல் மைன்ஸ் துயரம் நடந்த அக்டோபர், அந்த இலையுதிர்கால இராப்போஜனக் காலம். சமாதானமாகப் போ என்ற பிரசங்கங்கள் காதில் ஒலித்துக்கொண்டிருந்த வாரங்கள் அவை.

நம் ஊரிலும் சில சபைகளில் திருவிருந்துக்கு முந்தின நாள் ஆயத்த ஆராதனை உண்டு. உன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுவந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்ற வசனம் அங்கும் வாசிக்கப்படும். வாசித்த பிறகு யாராவது எழுந்து போகிறார்களா என்பதில்தான் வித்தியாசம். சபையை நிர்வகிக்கும் பாஸ்டரேட் கமிட்டித் தேர்தலில் எதிரெதிர் அணியாக நின்ற இரண்டு குடும்பங்கள் பத்து வருடமாகப் பேசாமல், ஒரே பீடத்தில் முழங்காலிட்டு ஒரே பாத்திரத்தில் பங்கெடுத்துவிட்டு வேறு வேறு வாசல் வழியாக வெளியே போவதை நாம் பார்க்கிறோம். யாரும் இராப்போஜனத்தைத் தள்ளிவைப்பதில்லை.

முடிவு முதலில், மனசு மெதுவாக

மன்னித்துவிட்டோம் என்று சொன்னவர்களுக்கு வலி இல்லையா? இருந்தது. அந்தக் குடும்பங்கள் அதை மறைக்கவும் இல்லை. ஆமிஷ் பெற்றோர்கள் உளவியல் ஆலோசகர்களிடம் போனார்கள். தப்பித்து வெளியே வந்த பையன்களில் சிலர், உள்ளே இருந்தவர்களை விட்டுவிட்டு வந்தோமே என்று பல வருடம் தவித்தார்கள். மன்னிப்பது என்பது ஒருமுறை சொல்லி முடிக்கிற காரியம் அல்ல, கோபம் திரும்ப வரும்போதெல்லாம் மறுபடி மன்னிக்க வேண்டியிருக்கிறது என்று பெற்றோர் பல வருடம் கழித்தும் சொன்னார்கள். மன்னிக்கும்படி இயேசு சொன்ன ஏழெழுபதுதரம் என்பதை நாம் வெவ்வேறு குற்றங்களுக்கான கணக்காகவே படிக்கிறோம். ஒரே குற்றத்தை ஏழெழுபதுதரம் மன்னிக்க வேண்டியிருக்கும் என்பது அந்த வீடுகளில் தெரிந்த உண்மை.

ஆகவே அவர்கள் அன்று மாலை செய்தது ஒரு தீர்மானம். பழிவாங்க மாட்டோம், அந்தக் குடும்பத்தை விரோதியாக நடத்த மாட்டோம் என்ற தீர்மானம். உள்ளே இருக்கும் கசப்பு கரைவது அதற்குப் பின் வருடக்கணக்கில் நடக்கிற வேலை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காத சபைகளில், "மன்னித்துவிட்டேன் என்கிறாய், பிறகு ஏன் அழுகிறாய்?" என்று கேட்கிறார்கள். கேட்கக்கூடாத கேள்வி அது.

கொலையாளியின் தாய் டெரி ராபர்ட்ஸ் இந்த வரலாற்றில் தனியாகச் சொல்லப்பட வேண்டியவர். ஊரைவிட்டே போய்விடலாம் என்று நினைத்தவர். போக வேண்டாம் என்று ஆமிஷ் மக்களே கேட்டுக்கொண்டார்கள். பிறகு உயிர் பிழைத்த சிறுமிகளையும் அவர்கள் தாய்மாரையும் தன் வீட்டுக்கு அழைத்து உபசரித்தார். அவர்களில் ஒருத்தி சம்பவத்தின்போது 6 வயது. தலையில் குண்டு பாய்ந்து, பேசவும் நடக்கவும் முடியாமல் சக்கர நாற்காலியில் இருந்தாள். தன் மகன் செய்ததை அந்தக் குழந்தையின் உருவத்தில் டெரி நேருக்கு நேர் பார்த்தார். அப்புறம் அந்தத் தாயிடம் ஒன்று கேட்டார்: வாரத்தில் ஒருநாள் நான் வந்து இவளைப் பார்த்துக்கொள்ளட்டுமா?

அனுமதி கிடைத்தது. வியாழன் மாலைதோறும் போவார். குளிப்பாட்டுவார், கதை வாசிப்பார், பாட்டுப் பாடுவார். பல வருடம் இது தொடர்ந்தது. புற்றுநோய் வந்து உடல் தளர்ந்த காலம்வரை. டெரி 2017-ல் இறந்தார். அந்தப் பெண் படுக்கையிலும் நாற்காலியிலுமாகவே வளர்ந்து, 2024-ல், 23-வது வயதில் காலமானாள்.

ஒவ்வொரு வியாழனும் அந்தக் கதவைத் திறந்துவிட்ட தாயை நினைத்துப் பாருங்கள். மகளை இந்த நிலைக்கு ஆளாக்கியவனைப் பெற்றவள் உள்ளே வருகிறாள். அவளை நம்பி மகளைக் கையில் கொடுக்க வேண்டும். டெரிக்கும் அது எளிதாக இருந்திருக்க முடியாது. மன்னிப்பைப் பெற்றுக்கொள்வதற்கும் ஒரு வழி வேண்டும், இல்லையென்றால் அது அவமானமாகவே உள்ளே தங்கிவிடும். அந்தக் குடும்பம் டெரிக்குக் கொடுத்தது அப்படி ஒரு வழி.

எதிர்ப்புக் குரல்கள்

அந்த அக்டோபரிலேயே பாஸ்டன் நாளிதழ் ஒன்றில் ஒரு பத்தி எழுத்தாளர் கேட்டார்: குழந்தைகளைக் கொன்றவன்மேல் யாருக்குமே கோபம் வராத சமூகத்தில் நாம் வாழ விரும்புவோமா? நேர்மையான கேள்வி. கோபம் தீமையைத் தீமை என்று அடையாளம் காட்டுகிறது. சங்கீதங்களில் பல அந்தக் கோபத்தால் நிறைந்தவை.

இதற்கு நிகழ்விலேயே பாதிப் பதில் இருக்கிறது. நடந்ததை ஆமிஷ் மக்கள் தீமை அல்ல என்று சொல்லவில்லை. அவன் உயிரோடிருந்தால் சிறையில் அடைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. மன்னிப்பது சபையின் வேலை, தண்டிப்பது அரசாங்கத்தின் வேலை என்று அவர்கள் கோடு போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். அதுபோக, இந்த நிகழ்வில் அந்தக் கோடு சோதிக்கப்படவே இல்லை. கொலையாளி இறந்துவிட்டான். வழக்கு இல்லை, விசாரணை இல்லை, ஜாமீனில் வந்து அதே தெருவில் நடக்கும் ஆள் இல்லை. மன்னிப்பு போய்ச் சேர்ந்தது முழுக்க முழுக்க நிரபராதிகளான ஒரு மனைவியிடமும் பெற்றோரிடமும் குழந்தைகளிடமும். நிக்கல் மைன்ஸை எடுத்துக்காட்டாகப் பிரசங்கத்தில் சொல்பவர்கள் இந்த ஒரு விவரத்தை விடாமல் சொல்ல வேண்டும். குற்றவாளி உயிரோடு, அதே சபையில், அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது கதை வேறாகிவிடுகிறது.

அதே மன்னிப்பு சபைக்குள் திரும்பும்போது

அது வேறாகிப்போனதற்குச் சாட்சியும் அதே ஆமிஷ் சபைகளிலேயே இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் இந்த ஆய்வு பாதி உண்மையாகிவிடும்.

ஆமிஷ் சபையில் பெரிய பாவம் செய்த உறுப்பினர் சபை முன் முழங்காலிட்டு அறிக்கையிட வேண்டும். பொதுவாக ஆறு வாரம் விலக்கிவைப்பார்கள். அதன்பின் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். சேர்த்துக்கொண்டபின் அந்தப் பாவத்தை மறுபடி எடுத்துப் பேசக்கூடாது. கோபத்தில் கைநீட்டியவனுக்கும் பண விஷயத்தில் ஏமாற்றியவனுக்கும் இந்த முறை அருமையானது. உலகத்தில் எந்த நீதிமன்றமும் தராத புது வாழ்க்கையைத் தருகிறது.

ஆனால் வீட்டுக்குள் சிறுமியைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கிய அண்ணனுக்கோ தகப்பனுக்கோ இதே முறை பயன்படுத்தப்பட்டபோது என்ன ஆனது? அவன் முழங்காலிட்டான், ஆறு வாரம் போனது, வீட்டுக்குத் திரும்பினான். அவள் மன்னித்தாக வேண்டும். மறுபடி வாயைத் திறந்தால் மன்னிக்காதவள் என்ற பெயர் அவளுக்கு வரும். குற்றம் செய்தவனின் பாவம் தீர்ந்துபோனது, பேசியவளின் பாவம் நிலுவையில் நின்றது. அவன் மறுபடி செய்தான். பல மாநிலங்களில் ஆமிஷ் சமூகத்தில் வளர்ந்த பெண்கள் வெளியே வந்து இப்படிச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். போலீசுக்குச் சொல்லாமல் மறைத்த சபைத் தலைவர்கள்மேல் வழக்கும் வந்திருக்கிறது.

அதே மக்கள், அதே வசனம், அதே பரமண்டல ஜெபம். ஓரிடத்தில் வாழ்வு தந்தது, இன்னோரிடத்தில் ஒரு சிறுமியை நசுக்கியது. எங்கே பிசகியது? சுமை யார் தோளில் வைக்கப்பட்டது என்று பார்த்தால் எனக்குத் தெளிவாகிறது. நிக்கல் மைன்ஸில் அடிபட்டவர்களைச் சுற்றிச் சபை நின்றது, மன்னிப்பின் வேலையைச் சபை எடுத்துக்கொண்டது. சமைத்துக் கொண்டுபோனது, மருத்துவச் செலவைப் பார்த்தது, புதிய பள்ளி கட்டியது, அந்த இன்னொரு குடும்பத்திடம் நடந்து போனது. பெற்றோருக்கு அழ நேரம் கிடைத்தது. வீட்டுக்குள் நடந்த கொடுமையில் சபை அடித்தவனைச் சுற்றி நின்றது. மன்னிப்பின் முழு வேலையும் பதின்மூன்று பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியின் தலையில் விழுந்தது. அவளுக்காக யாரும் எங்கும் நடந்து போகவில்லை.

லாங்காஸ்டர் பகுதியில் இது இப்போது கொஞ்சம் மாறிவருகிறது. ஆமிஷ் உள்ளிட்ட பழமைவழிச் சபைகளின் பெரியவர்கள் போலீஸ், குழந்தைகள் நலத் துறை ஆகியோரோடு உட்கார்ந்து பேசும் ஏற்பாடுகள் உருவாகியிருக்கின்றன. தாமதம்தான். ஆனாலும், சபை மன்னிப்பதும் சட்டத்துக்குத் தெரிவிப்பதும் ஒன்றுக்கொன்று எதிரல்ல என்று அந்தப் பெரியவர்களே பேசத் தொடங்கியிருப்பது சின்ன விஷயம் இல்லை.

சார்ல்ஸ்டனில் ஒரு குடும்பம்

இன்னொரு சபையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2015 ஜூன் 17, புதன்கிழமை இரவு, தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டன் நகரில் கறுப்பின மக்களின் வரலாற்றுப் பெருமைமிக்க இம்மானுவேல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் ஆலயத்தில் வேதபாடம் நடந்தது. மாற்கு 4-ல் வரும் விதைக்கிறவன் உவமை. உள்ளே வந்த வெள்ளை இளைஞனுக்கு இடம் கொடுத்து உட்காரவைத்தார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூட இருந்துவிட்டு, எல்லோரும் கண்மூடி ஜெபித்தபோது சுட்டான். போதகர் கிளமென்டா பிங்க்னி உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். இரண்டே நாளில், நீதிமன்றத்தில், தன் தாயை அங்கே பறிகொடுத்த ஒரு மகள் "உன்னை மன்னிக்கிறேன்" என்றார். அது உலகம் முழுவதும் ஒலித்தது.

அதே தாயின் இன்னொரு மகளுக்கு அப்போது அது முடியவில்லை. முடியவில்லை என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். மன்னிக்க அவருக்குச் சில வருடங்கள் ஆயின. அவரே ஒரு போதகர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உலகம் முதல் மகளைக் கொண்டாடியபோது இரண்டாவது மகளின் மௌனம் குறையாகப் பார்க்கப்பட்டது. தப்பிப் பிழைத்தவர்களில் ஒருவர், துக்க காலத்தில் சபை தன்னை வந்து கவனிக்கவில்லை என்ற வருத்தத்தோடு அந்த ஆலயத்தைவிட்டே வேறு ஆலயத்துக்குப் போனார். கொலைகாரனை மன்னித்த பெரிய செய்திக்குப் பின்னால், பக்கத்து இருக்கைக்காரரை விசாரிக்கப் போகாத சின்னச் செய்தி. சபைகளில் அன்பு பெரும்பாலும் இப்படிச் சின்ன இடங்களில்தான் தோற்கிறது. சார்ல்ஸ்டன் மக்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவ்வளவு பெரிய இடி விழுந்த எந்தச் சபையும் தடுமாறும்.

நம் கமிட்டிகள் முன்னால்

நம் சபைகளில் துப்பாக்கி இல்லை. சொத்து வழக்கு இருக்கிறது, தேர்தல் பகை இருக்கிறது, சாதி பார்த்துப் பெண் கொடுக்காத கசப்பு இருக்கிறது, கல்லறைத் தோட்டத்தில்கூடச் சுவர் எழுப்பின வரலாறு இருக்கிறது. சில சபைகளில் இதைவிட மோசமானதும் மூடிவைக்கப்பட்டிருக்கிறது. இவற்றில் ஏதாவது வெடிக்கும்போது போதகர் பொதுவாக அடிபட்டவரைத்தான் முதலில் கூப்பிடுகிறார்: "ஐயா, கொஞ்சம் விட்டுக்கொடுங்க", "அம்மா, ஆண்டவர் மன்னிக்கச் சொல்லியிருக்காரே." தவறு செய்தவர் பெரும்பாலும் காணிக்கை அதிகம் கொடுப்பவராகவோ கமிட்டியில் செல்வாக்கு உள்ளவராகவோ இருப்பார். அவரைக் கூப்பிடுவது கடினம்.

இதைத் திருப்பிப் போட முடியும். தவறு செய்தவரிடம் முதலில் போக வேண்டும். போகிறவர்கள் சபையின் மூப்பர்களாக இருக்கட்டும், தனியாக அல்ல, இருவராகப் போகட்டும். குற்றம் சட்டத்துக்கு உட்பட்டதாக இருந்தால், குறிப்பாகக் குழந்தை சம்பந்தப்பட்டதாக இருந்தால், அன்றே போலீசுக்குத் தெரிய வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி அறிந்தவர் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். இதைப் போதகர்களுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் வருடம் ஒருமுறை சொல்லிக்கொடுக்க வேண்டும். அடிபட்ட குடும்பத்துக்குச் சாப்பாடும் பணமும் துணையும் யார் பொறுப்பு என்று பெயர் போட்டுப் பிரிக்க வேண்டும். தவறு செய்தவரின் மனைவி மக்களை யார் பார்ப்பது என்பதையும் அதே கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் அவர்களும் சபை மக்கள்தான். அடிபட்டவர் மன்னித்தாரா இல்லையா என்று யாரும் கணக்குக் கேட்கக்கூடாது. அவர் தயாராகும் நாள் வரும்போது அவரே சொல்வார். அதுவரைக்கும் அவர் பந்திக்கு வராமல் இருந்தாலும், வந்து அழுதாலும், அவருக்கு இடம் இருக்க வேண்டும்.

திருவிருந்தைத் தள்ளிவைக்கும் துணிவு நம் பேராயர்களுக்கு வருமா என்பது பெரிய கேள்வி. ஒரு சேகரத்தில் (பாஸ்டரேட்டில்) ஒரே ஒருமுறை, "இந்த இரண்டு குடும்பமும் பேசும்வரை நாங்கள் எல்லோரும் காத்திருக்கிறோம்" என்று சொல்லிப் பார்க்கலாம். அந்த இரண்டு வாரத்தில் எத்தனை பேர் எத்தனை வீடுகளுக்கு நடப்பார்கள் என்பது அந்தச் சேகரத்துக்கே தெரிந்துவிடும்.